அறுபதுகளின் ஸ்பைடர்-மேனைப் பத்து இதழுக்கு மேல் படிக்க முடியவில்லையே, ஏன்?

உங்கள் கேள்வி சின்னதுதான். ஆளாளுக்கு இப்போது பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸைத் தூசி தட்டிப் படிக்கிறோம் என்கிறார்கள், அதை நம்பி நீங்களும் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்-மேனை முதல் இதழிலிருந்து டேப்லெட்டில் ஆரம்பித்தீர்கள். பத்தாவது இதழோடு நின்றுவிட்டது. வசனம் வளவளவென்று போகிறது, கலர் கண்ணைக் குத்துகிறது, நீங்களெல்லாம் நிஜமாகவே எதைப் படிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் கேட்பது மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரு மனத்தாங்கல் தெரிகிறது: இதில் அப்படி என்ன இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை? அதற்குத்தான் முதலில் பதில். நான் படிப்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இதில் பேச என்ன தகுதி என்றால், சிவகாசியில் இருபது வருடத்துக்கு மேல் கலர் பிரிக்கும் வேலை, அதாவது அச்சுக்காக ஒரு படத்தை மை வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்தவன். பிலிம் காலத்தில் நுழைந்து கம்ப்யூட்டர் காலத்தில் வெளியே வந்தேன். தீப்பெட்டி லேபிள், காலண்டர், நோட்டுப் புத்தக அட்டை எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்துப் பழகிய கண். அதே கண்ணோடுதான் முப்பது வருடமாக அமெரிக்கக் காமிக்ஸும் படித்து வருகிறேன். எந்த இதழ் ஏலத்தில் எவ்வளவு போகும், எதை வாங்கிப் பூட்டி வைத்தால் லாபம் என்பதெல்லாம் என் துறை இல்லை. அதைக் கேட்டால் கையை விரிப்பேன்.

கலர் விஷயத்தில் உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கக் காமிக்ஸில் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற சின்ன ஊரில், வேர்ல்ட் கலர் பிரஸ் என்ற அச்சகத்தில் அச்சானது. சுழலும் உருளையில் ஓடும் ரோட்டரி லெட்டர்பிரஸ் இயந்திரம், செய்தித்தாள் அடிக்கும் மட்டமான நியூஸ்பிரிண்ட் காகிதம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று மையும் ஒவ்வொன்றும் சின்னப் புள்ளிகளாகவோ முழுசாகவோ மூன்று அளவில் மட்டும் விழும்: 25 சதவீதம், 50 சதவீதம், முழுசு. மை இல்லாத இடத்தையும் சேர்த்தால் ஒரு மைக்கு நான்கு நிலை. நான்கை மூன்று முறை பெருக்குங்கள், 64 கலர். கலர் போடுபவர்களின் மொத்தச் சொத்தே அதுதான். வெள்ளைக்காரர் முகத்துக்கு 25 மஞ்சள், 25 சிவப்பு. ஸ்பைடர்-மேன் சட்டையின் சிவப்புக்கு மஞ்சளும் சிவப்பும் முழுசு முழுசாக. ஸ்பைடர்-மேனை வெளியிட்ட மார்வெல் கம்பெனியில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டான் கோல்ட்பெர்க் சாயம் பூசி ஒரு மாதிரிப் பக்கம் தயாரித்து, ஓரத்தில் இந்த எண்களைக் குறித்துக் கொடுப்பார். அதைப் பார்த்துப் பக்கத்துக்கு ஒன்பது தாள் கையால் தயாரிக்க வேண்டும், மூன்று மைக்கும் மூன்று அளவு என்ற கணக்கில். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர் எந்த இதழிலும் கிடையாது. நானும் அதே வகை வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது முதலில் அவர்கள் ஞாபகம்தான் வரும்.

நியூஸ்பிரிண்ட் மையைக் குடிக்கும். 25 சதவீதப் புள்ளி காகிதத்தில் உட்கார்ந்ததும் கொஞ்சம் ஊதிப் பருக்கும், பழுப்புக் காகிதம் அதன் மேல் ஒரு மங்கலைப் போர்த்தும். கலர் போட்டவருக்கு இது தெரியும். எப்படியும் அமுங்கித்தான் வரும் என்ற கணக்கில்தான் அவர் முழுச் சிவப்பைக் கொடுப்பார். இப்போதைய மறுபதிப்பில் என்ன செய்கிறார்கள்? அதே எண்ணை எடுத்து, புள்ளியே இல்லாத தட்டையான கலராகக் கம்ப்யூட்டரில் ஊற்றி, பளபளப்பான வெள்ளை ஆர்ட் பேப்பரில் அடிக்கிறார்கள். செயலிகளில் நீங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த மறுபதிப்புக்காகச் செய்த கோப்புதான். பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் திரையில் அது இன்னும் எரியும். சோற்றோடு தொட்டுச் சாப்பிட வேண்டிய ஊறுகாயை வெறும் வாயில் மென்றது மாதிரி.

அச்சு எப்படிக் கதையையே மாற்றும் என்பதற்கு மார்வெலின் இன்னொரு நாயகனான ஹல்க் ஒரு நல்ல சாட்சி. 1962 மே மாதத் தேதியிட்ட முதல் இதழில் அவர் சாம்பல் நிறம். சாம்பலுக்குத் தனி மை கிடையாது, மூன்று மையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து வர வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் ஒரு பக்கத்தில் ஒரு சாயல், அடுத்த பக்கத்தில் வேறு சாயல். இரண்டாவது இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். அச்சு ஒரே மாதிரி வராததுதான் காரணம் என்று இந்தக் கதைகளுக்கு வசனம் எழுதிய ஸ்டான் லீ பலமுறை சொல்லியிருக்கிறார். மற்ற விஷயங்களில் லீ சொன்னதைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன், இதை மட்டும் அப்படியே நம்புகிறேன். சாம்பல் கலரோடு மல்லுக்கட்டிய எந்த அச்சுக்காரரும் நம்புவார்.

சரி, பரிகாரம் என்ன? கையில் காசு இருந்தால் ‘ஃபேக்சிமிலி’ என்ற பெயரில் மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் பழைய இதழ்களை விளம்பரத்தோடு அப்படியே திரும்ப அடிக்கிறார்கள், அதில் ஒன்றிரண்டு வாங்கிப் பாருங்கள். என் சொந்த விருப்பம் வேறு. 1996-இல் ‘எசென்ஷியல்’ என்று மார்வெல் ஒரு வரிசை தொடங்கியது. தடித்தடியான புத்தகம், மலிவுக் காகிதம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. இப்போது புதிதாக அச்சில் இல்லை, பழைய புத்தகமாகத்தான் தேட வேண்டும். கலர் என்ற போர்வையை எடுத்துவிட்டால் டிட்கோவின் கோடு தெரியும். விரல்களைப் பாருங்கள். அவர் வரையும் கைகள் சும்மாவே இருக்காது, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக நடிக்கும். இரண்டும் கிடைக்காவிட்டால் டேப்லெட்டின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, இரவில் கண் கூசாமலிருக்க இருக்கும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், நியூஸ்பிரிண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் பழைய காமிக்ஸ் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து, இதை அப்படியே அடித்துக் கொடு என்றார். அச்சான பக்கத்தையே ஸ்கேன் செய்து, மறுபடி புள்ளி போட்டேன். புள்ளி மேல் புள்ளி ஏறி, வில்லன் முகம் முழுக்க ஜன்னல் வலை மாதிரி அலையலையாக வந்து நின்றது. ஒரு ராத்திரி முழுக்க ஸ்கேன் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் தட்டையாக்கி அனுப்பினேன். ஆகவே மறுபதிப்புக்காரர்களை நான் ரொம்பத் திட்டுவதில்லை. நானும் அதே பாவத்தைச் செய்தவன்தான்.

அடுத்தது வசனம். அப்போது மார்வெலில் கதை உருவான விதம் தெரிந்தால் அது ஏன் அப்படி வழிகிறது என்பது புரியும். முழு ஸ்கிரிப்ட் கிடையாது. லீயும் ஓவியரும் கதையை வாய்மொழியாகப் பேசிக்கொள்வார்கள், சில நேரம் அதுவும் இல்லை. ஓவியர் இருபது பக்கத்தையும் காட்சியாகப் பிரித்து வரைந்து முடிப்பார். அதன் பிறகு லீ அதன் மேல் வசனம் எழுதுவார். படத்தில் ஏற்கெனவே சொல்லி முடித்ததை வசனமும் திரும்பச் சொல்வது அதனால்தான். அவன் சுவரில் ஏறுவான், கூடவே ‘இதோ சுவரில் ஏறுகிறேன்’ என்று நினைப்பான். இன்னொன்று, 12 சென்ட் கொடுத்து வாங்கும் பையனுக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் இதழாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு மாதமும் சிலந்தி கடித்த கதை, முகமூடிக்குள் இருக்கும் பீட்டரை வளர்த்த ‘மே’ சித்திக்கு இதயம் பலவீனம் என்ற கதை, எல்லாம் இரண்டு வசனப் பலூனுக்குள் மறுபடி வரும். நீங்கள் ஒரே உட்காரலில் ஏழெட்டு இதழ் படித்தால் இதுதான் தலைவலி.

அதனால் என் யோசனை: முதலில் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு இதழை முழுக்கப் புரட்டிவிடுங்கள், பலூனைத் தொடாதீர்கள். கதை புரியும். டிட்கோ அப்படித்தான் வரைந்தார். பிறகு ஆரம்பத்துக்கு வந்து வசனத்தோடு படியுங்கள். அப்போது லீயின் சேட்டைகள் ரசிக்கும்படி இருக்கும். கூடவே, ஒரு நாளைக்கு ஒரு இதழுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. இந்தத் தொடர் முதல் இதழுக்கு 1963 மார்ச் தேதி, அடுத்த சிலவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். அந்த இடைவெளியும் அதன் தாளத்தில் ஒரு பகுதி. அட்டையில் இருக்கும் மாதம் உண்மையில் கடைக்கு வந்த மாதம் இல்லை, இரண்டு மூன்று மாதம் முன்தேதி போட்டு அனுப்புவார்கள், கடைக்காரர் பழசாகிவிட்டது என்று சீக்கிரம் திருப்பி அனுப்பாமலிருக்க. நம் ஊரில் தீபாவளி மலர் தீபாவளிக்கு முன்பே தொங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. நீங்கள் நிறுத்திய பத்தாவது இதழ், 1964 மார்ச், அதில்தான் மே சித்திக்கு ரத்தம் தேவைப்பட்டு பீட்டர் தன் ரத்தத்தைக் கொடுக்கிறான். அந்த இதழில் அது ஒரு சின்ன விஷயம், வில்லன்கள் வந்து கதை வேறு பக்கம் போய்விடும். படித்தவர்கள் மறந்திருப்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, 31-ஆவது இதழில் சித்தி மயங்கி விழுகிறாள். அந்தக் கதிரியக்க ரத்தம் அவளைக் கொல்லப் போகிறது என்று 32-இல் தெரிகிறது. மருந்து ஒன்று இருக்கிறது, அதை வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றுக்கு அடியில் இருக்கும் அவன் பதுங்குமிடத்தில், மலை மாதிரி ஒரு இயந்திரத்துக்கு அடியில் ஸ்பைடர்-மேன் சிக்கிக் கிடக்க, மருந்துக் குப்பி கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. மேலே கூரை ஒழுகுகிறது. அங்கே 32 முடிகிறது.

33-ஆவது இதழ், 1966 பிப்ரவரி. முதல் ஐந்து பக்கமும் ஒருவன் ஒரு பொருளைத் தூக்குகிறான், அவ்வளவுதான் நடப்பது. ஐந்தே பக்கம் என்று நினைக்காதீர்கள், மொத்தம் இருபது பக்கத்தில் நான்கில் ஒரு பங்கு. முதலில் முயல்கிறான், முடியவில்லை. தண்ணீர் சொட்டுகிறது. சித்தி முகம் மேலே மிதக்கிறது, செத்துப்போன பென் சித்தப்பா முகம் வருகிறது. அவர் சாவுக்கும் தான்தான் காரணம், இப்போது இவள் சாவுக்கும் தான்தான் காரணம் என்பது அவன் முதுகில் இருக்கும் உண்மையான பாரம். கட்டங்களைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் சின்னச் சின்னதாக, மூச்சு முட்டுகிற மாதிரி, அவன் உடம்பு மடங்கியே இருக்கும். அவன் அங்குலம் அங்குலமாக நிமிர நிமிரக் கட்டமும் பெரிதாகும். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினால் ஒரே படம், பக்கம் முழுக்க, இயந்திரம் அவன் தலைக்கு மேலே. பக்கம் திருப்பும் உங்கள் கையையும் சேர்த்து டிட்கோ கணக்குப் போட்டிருக்கிறார். டேப்லெட்டில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். எல்லாக் கட்டமும் ஒரே அளவில் வந்தால் இதில் ஒன்றுமே இல்லை. பத்தாவது இதழில் விதை போட்டதைப் பார்க்காமல் நேராக 33-க்குப் போனாலும் பாதிதான் கிடைக்கும்.

இதையெல்லாம் யார் யோசித்தது என்ற சண்டைக்கு வருவோம். உறுதியாகத் தெரிந்தது: 25-ஆவது இதழிலிருந்து கதையமைப்பு டிட்கோவுடையது என்று இதழிலேயே அச்சாகியிருக்கிறது. ஆகவே அந்த இயந்திரக் காட்சியின் கதையமைப்பு டிட்கோவுடையது, அதன் மேல் ஏறிய சொற்கள் லீயுடையவை. இதுவும் உறுதி: ஸ்பைடர்-மேன் முதன்முதலில் வந்த 1962 ஆகஸ்ட் இதழுக்கு அட்டை வரைந்தது மார்வெலின் இன்னொரு ஓவியரான ஜாக் கிர்பி, உள்ளே முழுக்க டிட்கோ. அந்த இதழில் டிட்கோ வரைந்த 24 மூலப் பக்கங்களை யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் 2008-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். சந்தேகத்துக்குரியது, அந்த எண்ணம் முதலில் யார் தலையில் உதித்தது என்பது. சுவரில் ஊர்ந்த ஈயைப் பார்த்துத் தோன்றியதாக லீ சொன்னார். தானே கொண்டுவந்தது என்று கிர்பி சொன்னார். கிர்பி வரைந்த ஆரம்பப் பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் தன்னிடம் வந்ததாக டிட்கோ எழுதினார். மூவரும் இப்போது இல்லை. கிர்பி 1994-இல் போனார், மற்ற இருவரும் 2018-இல் ஒரே வருடத்தில். டிட்கோ ஏன் 38-ஆவது இதழோடு வெளியேறினார் என்பதற்கு ‘வில்லன் கிரீன் காப்ளின் முகமூடிக்குள் யார் என்பதில் தகராறு’ என்று ரசிகர்கள் காலம் காலமாக ஒரு கதை சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. அந்த ஆளை முன்பே தான் நட்டு வைத்திருந்ததாக டிட்கோவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தத் தொடரை வரைந்த கடைசிக் காலத்தில் லீயும் அவரும் பேசிக்கொள்வதே இல்லை என்பது மட்டும் இருவர் பக்கமிருந்தும் வந்த செய்தி. பேசாமலேயே அந்த 31, 32, 33 வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது நான் என்ன படிக்கிறேன் என்ற கேள்வி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இதழ் வீதம் கிர்பியின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் போய்க்கொண்டிருக்கிறது, 44-இல் ஆரம்பித்தேன். அங்கிருந்துதான் பென்சில் கோட்டின் மேல் மை போட ஜோ சின்னாட் தொடர்ந்து வருகிறார், கிர்பியின் பென்சிலுக்கு ஒரு பளபளப்பு ஏறுகிறது. உலகத்தைத் தின்ன வரும் கேலக்டஸ் கதை 48 முதல் 50 வரை என்று எல்லாரும் எழுதுவார்கள். உள்ளே போனால் 48-இன் தொடக்கம் முந்தைய கதையின் வால், கேலக்டஸ் 50-இன் நடுவிலேயே கிளம்பிவிடுகிறார், மீதிப் பக்கத்தில் நால்வரில் ஒருவனான ஜானி கல்லூரியில் சேரப் போகிறான். உலகம் அழியத் தப்பித்த அன்று சாயங்காலமே ஹாஸ்டல் அறை பார்க்கிற அந்தக் கோணல்மாணல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேலக்டஸின் தூதனாக வரும் சில்வர் சர்ஃபர் லீ கேட்டு வந்தவர் இல்லை, கிர்பி தன் பாட்டுக்கு வரைந்து அனுப்பிய ஆள். இதில் மட்டும் இருவரும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

போட்டிக் கம்பெனியான டிசி பக்கம், கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த, மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷ். மார்வெல் ரசிகர்கள் இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவார்கள், தப்பு. 1956 அக்டோபர் தேதியிட்ட ஷோகேஸ் நான்காம் இதழில் புதிய ஃபிளாஷ் ஆகப்போகும் பாரி ஆலன் நமக்கு அறிமுகமாகும்போது கையில் என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? ஒரு பழைய ஃபிளாஷ் காமிக்ஸ். நாற்பதுகளில் வந்த பழைய ஃபிளாஷின் ரசிகன் அவன், அதனால்தான் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறான். 1961 செப்டம்பரில் 123-ஆவது இதழில் அனாதைக் குழந்தைகளுக்குக் கயிறு வித்தை காட்டப் போய், அதிவேகத்தில் அதிர்ந்து இன்னொரு உலகத்துக்குள் விழுந்து, சின்ன வயதில் காமிக்ஸில் படித்த அந்தப் பழைய ஃபிளாஷையே நேரில் சந்திக்கிறான். உங்களைச் சுற்றி இப்போது எல்லாரும் செய்வதை, சூப்பர்ஹீரோவே அன்றைக்குச் செய்துவிட்டான். வசனம் தாங்கவில்லை என்பவர்களுக்கு இது நல்ல வழி. கார்டனர் ஃபாக்ஸ் எழுதியது முழு ஸ்கிரிப்ட், படமும் சொல்லும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காது.

எழுபதுகளின் டிசி கதைகளான பச்சை விளக்கு (கிரீன் லான்டர்ன்), பச்சை அம்பு (கிரீன் ஆரோ) ஆகியவற்றைப் பலர் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். நீல் ஆடம்ஸின் படத்துக்காகப் பார்க்கலாம், பிரசங்கம் அதிகம் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று, நம்மூர்க்காரர்களுக்கு மட்டும். என் முதல் ஸ்பைடர் அமெரிக்கன் இல்லை. எண்பதுகளில் லயன் காமிக்ஸில் வந்த ‘கூர்மண்டையன்’, முதுகில் வலைத் துப்பாக்கி வைத்துக்கொண்டு குற்றச் சக்கரவர்த்தியாகத் திரிந்தவன். அது லண்டனில் 1965-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர். டெட் கோவன் எழுதிய ஆரம்பக் கதைகளுக்குப் பிறகு அதை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 1938-இல் 130 டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருடக்கணக்காகக் கோர்ட் ஏறிய அதே சீகல். பலசரக்குக் கடைக் காசைத் திருடி அந்தப் புத்தகங்களை வாங்கிய எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. மாயாஜாலமாக அடுக்கடுக்காக வரும் வில்லன்களும் கிறுக்குத்தனமான கருவிகளும் எங்கிருந்து வந்தன என்று இப்போது அவருடைய அமெரிக்கக் கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பிடிபடுகிறது. இந்த மாதம் மேஜையில் அந்த இரண்டும்தான் அடுத்தடுத்து இருக்கின்றன.

நீங்கள் பதினொன்றிலிருந்து தொடருங்கள், வாரத்துக்கு ஒன்று. இடையில் 28-இல் பீட்டர் பள்ளியை முடிப்பான், 31-இல் கல்லூரி. 39-ஐத் திறந்ததும் ஜான் ரொமிட்டா வரைய ஆரம்பித்திருப்பார், முகங்களெல்லாம் திடீரென்று அழகாகிவிடும். உங்களுக்கு அது சந்தோஷமாக இருந்ததா, எதையோ தொலைத்த மாதிரி இருந்ததா என்று அப்போது வந்து எழுதுங்கள்.